ஆடுவது கிம்பலா, இறக்கையா, காற்றா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறான். மூன்று பேர் கொண்ட சின்ன டீம். விசிட்டிங் கார்டில் ‘ஹெலிகேம் உண்டு’ என்று போட்டால்தான் இப்போதெல்லாம் ஆர்டர் வருகிறது என்பதால், போன வருஷம் அக்காவின் வளையலை அடகு வைத்து ஒரு செகண்ட் ஹேண்ட் ட்ரோன் வாங்கியிருந்தான். 249 கிராம் எடை. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

“மாமா, மாமல்லபுரம் பக்கத்துல பீச்ல எடுத்த ஷூட் மொத்தமும் ஆடுது. ஹெலிகேம் காசைக் கழிச்சுட்டுத்தான் பாக்கி தருவோம்னு பெண் வீட்ல சொல்றாங்க. சர்வீஸ் கடையில காட்டினேன். கிம்பல் போயிடுச்சு, மாத்த 28 ஆயிரம் ஆகும்னாங்க. வியாழக்கிழமை அடுத்த முகூர்த்தம். மாத்திடட்டுமா?”

28 ஆயிரம் என்பது அவன் ட்ரோன் வாங்கிய விலையில் பாதிக்கும் மேல். “மாப்ள, நாளைக்கு ஒரு நாள் பொறு. காசு எதுவும் கொடுத்துடாதே. முதல்ல அந்த வீடியோவை எனக்கு அனுப்பு” என்றேன்.

அனுப்பினான். பார்த்தேன். கடல், மணல், கைகோத்து நடக்கும் ஜோடி எல்லாமே தட்டில் வைத்த ஜெல்லி மாதிரி நெளிந்தன. நடுநடுவே அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்து, வெடுக்கென்று நேரானது. போதாக்குறைக்கு, படம் அங்கங்கே திக்கித் திக்கி ஓடியது.

ட்ரோன் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தலைவலி ஒரு நாள் வரும். கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டுமில்லை. பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்தவர்களுக்கும், சொந்த ஊர் ஏரியை மேலிருந்து பார்க்க ஆசைப்பட்டு வாங்கியவர்களுக்கும்தான். அதனால் அந்த மூன்று நாளில் நாங்கள் என்னென்ன பார்த்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வரிசைதான் முக்கியம். காசு செலவாகாத சோதனை முதலில். செலவு வைக்கும் சோதனை கடைசியில்.

முதல் சந்தேகம் போன் மேல்

அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கிய படத்தை வைத்து நோய் சொல்ல முடியாது. மெமரி கார்டில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலை அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொன்னேன்.

மாற்றிப் பார்த்தபோது, அந்தத் திக்கல் முக்கால்வாசி காணாமல் போயிருந்தது! 4கே வீடியோ, அதுவும் ஹெச்.265 என்ற முறையில் பதிவானது என்றால், பழைய போன்களும் கம்ப்யூட்டர்களும் அதைச் சீராக ஓட்ட முடியாமல் திணறும். படத்தில் கோளாறு இருக்காது. ஓட்டுகிற கருவியில்தான் இருக்கும். வேறு ஒரு நல்ல போனிலோ டிவியிலோ போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

மீதிக் கால்வாசித் திக்கலுக்குக் காரணம் எடிட்டிங். ட்ரோனில் நொடிக்கு 30 ஃபிரேம் என்று எடுத்திருக்கிறான். மற்ற கேமராக்கள் எல்லாம் நொடிக்கு 25. எடிட் செய்யும்போது 25-ல் போட்டிருக்கிறான். நொடிக்கு ஐந்து ஃபிரேமை சாஃப்ட்வேர் தூக்கி எறியும். நின்று கொண்டிருக்கும் காட்சியில் இது தெரியாது. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படிக்கட்டில் சைக்கிள் இறங்குவதுபோல் தெரியும். எல்லாக் கேமராவையும் ஒரே எண்ணில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்னையே இல்லை.

மெமரி கார்டையும் பார்த்துவிடுங்கள். கார்டின் மேல் ‘வி30’ என்ற குறி இருந்தால், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்று அர்த்தம். குறி எதுவும் இல்லாத மலிவுக் கார்டில் 4கே எடுத்தால் நடுவில் துண்டு துண்டாகப் போகும்.

ஆட்டத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

திக்கல் போனது. நெளிவும் சாய்வும் அப்படியே இருந்தன. “ஆடுது” என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். சர்வீஸ் கடையிலும் அப்படித்தான் சொல்கிறோம். அங்கே அவர்கள் கையில் இருக்கும் பெரிய பாகத்தை மாற்றிவிடுகிறார்கள். ஆட்டம் எந்த மாதிரி என்று பிரித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படம் முழுக்க ஜெல்லி மாதிரி, வெந்நீர் ஆவிக்குப் பின்னால் பார்ப்பதுபோல நெளிந்தால், அது அதிவேக அதிர்வு. இறக்கை, மோட்டார், ரப்பர் குமிழ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடிவானம் மெதுவாகச் சாய்ந்து அப்படியே நின்றால், கிம்பலோ ட்ரோனின் உணர்கருவிகளோ மட்டம் தவறிவிட்டன. கேலிபிரேஷன் செய்ய வேண்டும்.

சாய்ந்து சட்டென்று நிமிர்ந்தால், பெரும்பாலும் காற்று. கிம்பல் தன் எல்லை வரை போய் முட்டித் திரும்புகிறது.

ட்ரோன் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமடித்து நழுவினால், திசைகாட்டி குழம்பியிருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து பறக்க விடுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, பக்கத்தில் நிற்கும் கார், இரும்பு கேட் எல்லாமே திசைகாட்டியை ஏமாற்றும். திறந்த தரைக்குப் போய்க் கிளப்புங்கள்.

திரும்பும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் வெடுக்கென்று வெட்டினால், அது கைக்கோளாறு.

மருமகனின் வீடியோவில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து இருந்தன. ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்ததால்தான் எல்லாம் ஒரே கோளாறு மாதிரித் தெரிந்தது.

கிம்பல் என்ன செய்யும், என்ன செய்யாது?

கேமராவைத் தாங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னக் கைதான் கிம்பல். அதில் மூன்று மோட்டார்கள். ஒன்று கேமராவை மேலும் கீழும் அசைக்கும். ஒன்று இடம் வலமாகத் திருப்பும். மூன்றாவது, படம் சாயாமல் மட்டமாக வைத்திருக்கும். ட்ரோன் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று உணர்கருவி சொல்லச் சொல்ல, இந்த மோட்டார்கள் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். தளும்பும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு பள்ளத்தில் நடக்கிற பெண்ணின் உடம்பு தானாக வளைந்து கொடுக்கிறதே, அந்த வேலைதான்.

ஆனால் இந்த வளைந்து கொடுத்தலுக்கு ஒரு வேகம் இருக்கிறது. காற்றில் ட்ரோன் சாய்வது, திரும்புவது போன்ற மெதுவான அசைவுகளை கிம்பல் சமாளிக்கும். நொடிக்கு நூறு தடவை துடிக்கும் அதிர்வை அதனால் துரத்திப் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் பெரும்பாலான ட்ரோன்களில் கிம்பலுக்கும் உடம்புக்கும் நடுவே சின்னச் சின்ன ரப்பர் குமிழ்களை வைத்திருக்கிறார்கள். அவையும் தாங்காத அளவு அதிர்வு வந்தால் கேமராவுக்குப் போய்விடும். கேமராவின் சென்சார் ஒரு ஃபிரேமை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரியைப் படித்து முடித்துக் கடைசி வரிக்கு வருவதற்குள் கேமரா துடித்துவிட்டால், நேராக நிற்கும் தென்னை மரம் பாம்பு மாதிரி வளைந்து பதிவாகும். ஜெல்லி நெளிவின் ரகசியம் இதுதான்.

ஆக, ஜெல்லி நெளிவைப் பார்த்ததும் கிம்பல் மேல் பழி போடுவது, முனை தேய்ந்த பேனாவுக்காகப் பேப்பரைக் குறை சொல்வது மாதிரி.

கையில் வைத்து ஒரு சோதனை

திங்கட்கிழமை விடியற்காலை செங்கல்பட்டுக்குப் போய்விட்டேன். ஊருக்கு வெளியே, மின்கம்பியும் ஆள் நடமாட்டமும் இல்லாத ஒரு வெட்டவெளி. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் பச்சைப் பகுதிதானா என்று பார்த்த பிறகுதான் போனோம்.

முதல் சோதனைக்குப் பறக்கவே தேவையில்லை. இறக்கைகளைக் கழற்றிவிட்டு, ட்ரோனை ஆன் செய்து, வீடியோ பதிவை ஓட விட்டு, கையில் பிடித்தபடி மெதுவாக முன்னே, பின்னே, இடம், வலம் என்று சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். மோட்டார் சுற்றாததால் அதிர்வு கிடையாது. கிம்பல் மட்டும்தான் வேலை செய்யும். கிம்பலில் கோளாறு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். படம் நடுங்கும், அல்லது ஒரு பக்கம் தொங்கும்.

பதிவைப் போட்டுப் பார்த்தோம். தூரத்தில் இருந்த பனைமரங்கள் ஆணி அடித்ததுபோல நின்றன. ட்ரோன் சாய்ந்தாலும் படம் அசையவில்லை.

“அப்போ கிம்பல் நல்லா இருக்கா மாமா?”

“உன் 28 ஆயிரம் நல்லா இருக்குடா” என்றேன்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. நெளியும் வீடியோவைப் பார்த்திருக்கிறார், கிம்பல் என்று நினைத்திருக்கிறார். ஆனால் இந்த இரண்டு நிமிடச் சோதனையை நாமே செய்துகொண்டு போனால், எந்தக் கடையிலும் தைரியமாகப் பேசலாம்.

ஃபெவிக்விக் சொன்ன கதை

அடுத்து இறக்கைகளை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனேன். மூன்றாவது இறக்கையில் நகம் தட்டியது. திருப்பி வெயிலில் காட்டினால், நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மெல்லிய கோடு. கோட்டின் மேல் பளபளப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

“இது என்னடா?”

“அது... ரெண்டு மாசம் முன்னால வேப்ப மரத்துல லேசா உரசிடுச்சு மாமா. கீறல் விட்டிருந்தது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேன். நல்லாத்தான் பறக்குது.”

நல்லாத்தான் பறக்கும். அதுதான் ஆபத்தே. வீட்டு சீலிங் ஃபேனில் ஒரு இறக்கை லேசாக வளைந்துவிட்டால் என்ன ஆகிறது? ஃபேன் சுற்றும், காற்றும் வரும், ஆனால் கம்பியோடு சேர்ந்து ஆடும். சீலிங் ஃபேன் நிமிடத்துக்குச் சில நூறு சுற்று சுற்றுகிறது. இந்தக் குட்டி ட்ரோனின் இறக்கை பல ஆயிரம் சுற்று. அந்த வேகத்தில் ஒரு சொட்டுப் பசையின் எடையே போதும், மொத்த உடம்பையும் உதறுவதற்கு.

பழைய இறக்கைகளை மாட்டி, ஆள் உயரத்தில், எங்களிடமிருந்து பத்தடி தள்ளி ஒரு நிமிடம் நிறுத்திப் பதிவு செய்தோம். நெளிந்தது. இறக்கி, அவன் பையிலேயே பிரிக்காமல் கிடந்த புது செட் இறக்கைகளை மாட்டினோம். அதே இடம், அதே உயரம், அதே செட்டிங். நெளிவு போயே போய்விட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் இப்படித் தெளிவாகப் பதில் கிடைக்கும். இறக்கையையும் மாற்றி, கேலிபிரேஷனும் செய்து, செட்டிங்கையும் தொட்டிருந்தால் எது சரி செய்தது என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

இறக்கை மாற்றும்போது ஒரு விஷயம். நான்கு மோட்டார்களில் இரண்டு ஒரு பக்கமாகவும், இரண்டு எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். அதனால் இறக்கைகளும் இரண்டு வகை. அடையாளம் பார்த்து மாட்டுங்கள். ஒரு மோட்டாருக்கு இரண்டு இறக்கை இருந்தால் இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்றால் எடை ஒத்துப்போகாது. மோட்டாரையும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். நறநறவென்றால் உள்ளே மணல்.

“புது செட் பையிலேயே வெச்சுக்கிட்டு ஏண்டா ஒட்டுப் போட்டே?”

“உதிரி சட்டுனு கிடைக்காது மாமா. அவசரத்துக்கு இருக்கட்டும்னு வெச்சிருந்தேன்.”

அவன் பயமும் புரிகிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்வதற்கு மத்திய அரசு தடை விதித்தது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆனாலும் பழைய ட்ரோன் வைத்திருப்பவர்கள் எதையும் தூக்கிப் போட யோசிக்கிறார்கள். இறக்கை விஷயத்தில் மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

பிறகு அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். “இந்த ரெண்டு மாசத்துல இதை எங்கெங்கே பறக்க விட்டே?”

யோசித்தான். “ஏழெட்டு கல்யாணம் இருக்கும். போன வாரம் மாப்பிள்ளை அழைப்புல, பேண்டு செட்டுக்கு முன்னால பசங்க ஆடிட்டிருந்தாங்க. அவங்க தலைக்கு மேல...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

நான்கு மோட்டார் ட்ரோனில் ஒரு இறக்கை நடுவானில் உடைந்தால் மிச்சம் மூன்றை வைத்துச் சமாளிக்க அதற்குத் தெரியாது. கல் மாதிரி விழும். 249 கிராம்தான். ஆனால் ஐம்பதடி உயரத்திலிருந்து, சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கைகளோடு, ஒரு குழந்தையின் முகத்தில் விழுந்தால்? அந்த நெளிவு பெண் வீட்டாரின் வீடியோவைக் கெடுத்தது என்றுதான் இவன் நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் இரண்டு மாதமாக அது இவனை எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

செவ்வாயில் ஆடிய ஹெலிகாப்டர்

எல்லா ஆட்டத்துக்கும் இறக்கைதான் காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. செவ்வாய்க் கிரகத்தில் நாசா பறக்கவிட்ட இன்ஜெனூயிட்டி என்ற குட்டி ஹெலிகாப்டர் ஞாபகம் இருக்கிறதா? 2021 மே 22-ம் தேதி, அதன் ஆறாவது பயணம். கிளம்பி 54 நொடி ஆனபோது திடீரென்று தாறுமாறாக ஆட ஆரம்பித்தது. 20 டிகிரிக்கும் மேல் முன்னும் பின்னும் சாய்ந்தது. இறக்கையிலும் மோட்டாரிலும் ஒரு குறையும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா எடுத்த படங்களில் ஒரே ஒரு படம் தொலைந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த படங்கள் எல்லாவற்றிலும் நேரக்குறிப்பு தப்பாகிவிட்டது. ‘நான் இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று அது நம்பிய இடம் ஒவ்வொரு தடவையும் தவறாக இருக்க, திருத்தித் திருத்தியே ஆடியிருக்கிறது. இறங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராப் படங்களை நம்பாமல் இறங்கும்படி முன்பே வடிவமைத்திருந்ததால், இறங்க வேண்டிய இடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் பத்திரமாக இறங்கியது.

நம் ட்ரோனிலும் இந்த மாதிரி நடக்கும். ‘நான் மட்டமாக இருக்கிறேன்’ என்று உணர்கருவி தப்பாக நம்பினால், அடிவானம் சாய்ந்தே பதிவாகும். அதற்கு மருந்து கேலிபிரேஷன். ட்ரோன் சூடாக இல்லாதபோது, மட்டமான மேஜையில் வைத்து, ஆப்பில் சொல்லும் வரிசைப்படி செய்யுங்கள். கடப்பைக்கல் மேடை, டைல்ஸ் தரை எதுவானாலும் சரி, மட்டமாக இருந்தால் போதும். கார் பானெட் வேண்டாம்.

மாமல்லபுரத்துக் காற்று

நெளிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்த ‘சாய்ந்து நிமிரும்’ ஆட்டத்துக்கு?

“எத்தனை மணிக்கு எடுத்தே?”

“ஆறு மணின்னுதான் பேசினோம் மாமா. மேக்கப் முடிய லேட் ஆகி, சாப்பிட்டுக் கிளம்பி, மூணு மணி ஆயிடுச்சு.”

2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை சர்வதேசப் பட்டம் விடும் திருவிழாவை மாமல்லபுரத்தில்தான் நடத்தினார்கள். பிரம்மாண்டமான பட்டங்களைத் தூக்கி நிறுத்தும் காற்று ட்ரோனுக்கு எப்படி நண்பனாக இருக்கும்? காலையில் வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று கரைக்குப் பாயத் தொடங்கும். பிற்பகலில் நன்றாக வலுத்துவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று வருவதற்கு நேரமாகலாம். ஆனால் அந்த மேல்காற்றே போதும், ட்ரோனை அலைக்கழிக்க. விடியலில்தான் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். கிழக்குக் கடற்கரை என்பதால் வெளிச்சமும் அப்போதுதான் அழகு.

தரையில் முந்தானை ஆடாத அளவு காற்று இருந்தாலும் மேலே போகப் போக வேகம் கூடும். டிஜேஐ மினி வரிசையில் பல மாடல்கள் நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் காற்று வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிலேயே இருக்கும். தாங்கும் என்றால் கீழே விழாது என்றுதான் பொருள். படம் நன்றாக வரும் என்று பொருள் இல்லை. எதிர்க்காற்றில் நிற்க ட்ரோன் தன் உடம்பை நன்றாகச் சாய்த்துக்கொள்ளும். சாய்வு அதிகமானால் கிம்பல் அதன் எல்லையில் போய் இடிக்கும். படம் வெடுக்கென்று வெட்டும். சில சமயம் மேலே இறக்கை நுனிகூட ஃபிரேமுக்குள் தெரியும். இதற்கு ரிப்பேர் கிடையாது. வேகத்தைக் குறையுங்கள், உயரத்தைக் குறையுங்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். போகும்போது எதிர்க்காற்றிலும் திரும்பும்போது காற்றோடும் வாருங்கள். மாற்றிச் செய்தால், பேட்டரி தீரும் நேரத்தில் கடலுக்கு மேல் போராட வேண்டியிருக்கும்.

மணலில் நேரடியாக வைத்துக் கிளப்பாதீர்கள். இறக்கை கிளப்பும் மணல் கிம்பலுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போகும். கடற்கரை மணலில் கருமணலும் கலந்திருக்கும். அதில் உள்ள இரும்புத் தாதுத் துகளை மோட்டாரின் காந்தம் பிடித்துக்கொள்ளும். ஒரு பாய் போதும், அல்லது வண்டியின் ஃபுட் மேட். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

வெயிலுக்கு ஒரு கண்ணாடி

பகல் வெயிலில் எடுத்தால் இன்னொரு தொல்லை. வெளிச்சம் கண்ணைக் கூசுவதால், கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு நொடி என்று ஏற்றிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். சேர்த்து ஓட்டினால் படம் படபடக்கும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 50-ல் ஒரு நொடி, 30 ஃபிரேம் என்றால் 60-ல் ஒரு நொடி என்று இரட்டிப்பாக வைப்பது சினிமாக்காரர்களின் பழைய கணக்கு. வெயிலில் அப்படி வைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் என்.டி. ஃபில்டர் மாட்டுவார்கள். கேமராவுக்குக் கூலிங் கிளாஸ். உங்கள் மாடலுக்கென்றே செய்த ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள். எடை கூடினால் கிம்பல் சுமக்க முடியாமல் நடுங்க ஆரம்பிக்கும். ஒன்றைச் சரி செய்யப்போய் இன்னொன்றை வரவழைத்ததாகிவிடும்.

கடைசியாகக் கை. ஆப்பில் ‘சினி’ மோடு இருந்தால் அதில் வையுங்கள். குச்சியைத் தள்ளினாலும் விட்டாலும் ட்ரோன் மெதுவாகத்தான் கேட்கும். முன்னே போவது, திரும்புவது, கேமராவைக் கீழே சாய்ப்பது மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யாமல், ஒரு ஷாட்டுக்கு ஒரு அசைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஐந்து நொடி சும்மா நிற்கட்டும். எடிட் செய்யும்போது அந்த ஐந்து நொடி கைகொடுக்கும்.

எடுத்துவிட்ட வீடியோவைச் சாஃப்ட்வேரில் சரி செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். மெதுவான ஆட்டத்தையும் சாய்வையும் ஓரளவு சரி செய்யலாம். ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும். ஜெல்லி நெளிவை முழுசாக எடுக்க முடியாது.

சட்டத்தையும் ஒரு கண் பாருங்கள்

இது செங்கல்பட்டு மாவட்டக்காரர்களுக்குக் கூடுதலாக. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்தத் திசையில் விளையாட்டு வேண்டாம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அனுமதி இல்லாமல் மேலே பறக்க விடாதீர்கள். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். வனத்துறை விதிகள் ஒருபக்கம் இருக்கட்டும், முட்டையை விட்டு அவை பதறிப் பறப்பதைப் பார்க்க நமக்கே மனசு வராது. வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கம் விமான நிலையமும் இருக்கின்றன.

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை ‘நானோ’ வகை. ஓட்டுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பச்சைப் பகுதியில்கூட 400 அடிக்கு மேல் அனுமதி வாங்காமல் போகக் கூடாது. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

அந்தப் பெண் வீட்டுக்கு மருமகன் மறுநாள் போன் செய்தான். “கேமரா மேல தப்பில்லைங்க, நான்தான் இறக்கையைச் சரியா பார்க்கலை. ஒரு நாள் விடியக்காலையில வாங்க, காசு இல்லாம திரும்ப எடுத்துத் தர்றேன்” என்றான். என்ன சொல்லிக் கொடுத்தேனோ, அதற்கு ஒரு படி மேலேயே போய்விட்டான். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் அந்த ஜோடி காலை ஆறு மணிக்கு வந்து நின்றார்கள். மேக்கப் இல்லை, முகத்தில் தூக்கக் கலக்கம், காற்றில்லாத கடல். இந்த முறை அடிவானம் கோடு போட்ட மாதிரி நின்றது. பாக்கியும் முழுசாக வந்தது.

ஒட்டுப் போட்ட இறக்கையை அவன் குப்பையில் போடவில்லை. வேறு யாராவது எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று இரண்டாக உடைத்து, அப்புறம்தான் போட்டான். வியாழக்கிழமை முகூர்த்தத்தில் ட்ரோனை மண்டபத்தின் ஓரமாகத்தான் பறக்க விட்டானாம், கூட்டத்தின் தலைக்கு மேல் இல்லை.

அக்காதான் போனில் சொன்னாள். “இப்பல்லாம் கிளம்பறதுக்கு முன்னால வாசல்ல உட்கார்ந்து, அந்த நாலையும் கழட்டி, ஒவ்வொண்ணா நகத்தால தடவிப் பார்க்கிறான்டா. நான் முறத்துல அரிசியைப் போட்டுக் கல்லு பொறுக்கிட்டிருக்கேன், அவன் பக்கத்துல அதைப் பண்ணிட்டிருக்கான்.”